ஒதுங்கினார்களா, ஒதுக்கினார்களா?

கேள்வி: அமெரிக்காவின் புகழ்பெற்ற கென்டக்கி டெர்பி குதிரைப் பந்தயத்தில், தொடக்க காலத்து ஜாக்கிகளில் (பந்தயக் குதிரை ஓட்டுபவர்களில்) பெரும்பாலோர் கறுப்பினத்தவர் என்று படித்து வியந்தேன். இன்று அந்தப் பந்தயத்தில் அவர்களைப் பார்ப்பதே அரிது. பேஸ்பால், கூடைப்பந்து என்று நாட்டம் வேறு பக்கம் திரும்பி, அவர்களாகவே மெல்ல ஒதுங்கிவிட்டார்கள் என்கிறார் என் நண்பர். சரிதானா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: சரியில்லை. உங்கள் நண்பரின் வாக்கியத்தில் ஓர் எழுத்தை மாற்ற வேண்டும். ‘ஒதுங்கிவிட்டார்கள்’ என்பதில் ‘ங்’ இருக்கும் இடத்தில் ‘க்’ போட்டுப் படியுங்கள். அந்த ஓர் எழுத்துக்குள் பல நூறு பேருடைய பிழைப்பு இருக்கிறது.

முதலில் பேஸ்பால் கதையை முடித்துவிடுவோம். கறுப்பின ஜாக்கிகள் பெரிய பந்தயங்களிலிருந்து காணாமல் போனது 1900-க்கும் 1910-க்கும் இடைப்பட்ட சில ஆண்டுகளில். பேஸ்பாலின் பெரிய லீக்குகளோ அப்போது அவர்களைச் சேர்க்கவே இல்லை. ஜாக்கி ராபின்சன் என்ற கறுப்பின பேஸ்பால் வீரர் (இங்கே ‘ஜாக்கி’ என்பது பெயர்) 1947இல் களமிறங்கிய பிறகுதான் அந்தக் கதவு திறந்தது. என்.பி.ஏ. என்ற அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கில் அது திறந்தது 1950இல். பூட்டிக் கிடந்த வீட்டுக்கு அவர்கள் எப்படிக் குடிபோயிருக்க முடியும்?

இனி டெர்பிக்கு வருவோம். 1875 மே 17, லூயிவில் நகரம். முதல் டெர்பியில் 15 குதிரைகள் ஓடின; அவற்றில் 13 குதிரைகளின் மேல் இருந்தவர்கள் கறுப்பின ஜாக்கிகள். வென்ற அரிஸ்டைடிஸ் குதிரையை ஓட்டியவர் ஆலிவர் லூயிஸ். அதைப் பழக்கியவர் ஆன்சல் வில்லியம்சன், அடிமையாகப் பிறந்தவர். அமெரிக்காவில் அடிமை முறை ஒழிந்து அப்போது பத்தே ஆண்டுகள்தான். தென்மாநிலப் பண்ணைகளில் லாயத்தைக் கூட்டியதும், குதிரைக்குத் தீனி வைத்ததும், நோயில் கூடவே படுத்துக் காத்ததும், விடிகாலையில் ஏறி ஓட்டிப் பழக்கியதும் அடிமைகள்தான். அந்தப் பிள்ளைகள் குதிரையோடு குதிரையாக வளர்ந்தார்கள். விடுதலைக்குப் பிறகு அவர்கள் கையிலிருந்த சொத்து அந்த வித்தைதான். முதல் 28 டெர்பிகளில் 15 அவர்களுடையவை.

ஐசக் மர்ஃபி என்ற பெயரையும் உங்கள் நண்பரிடம் சொல்லுங்கள். 1884, 1890, 1891 என மூன்று டெர்பிகளை வென்றவர். ஓட்டியதில் மூன்றில் ஒன்றுக்கு மேல் வெற்றி. 1896இல், 35 வயதில், நிமோனியாவில் இறந்தார். அவர் கல்லறை எங்கிருக்கிறது என்றே தெரியாமல் போய், 1960களில்தான் தேடிக் கண்டுபிடித்தார்கள். அவரைப் பற்றித் தனியே எழுத வேண்டும். இன்று நான் பேச விரும்புவது ஜிம்மி விங்க்ஃபீல்டைப் பற்றி. ஏனென்றால் ‘ஒதுங்கிவிட்டார்கள்’ என்பதற்கான பதில் அவருடைய வாழ்க்கையிலேயே இருக்கிறது.

1882இல் கென்டக்கியின் சைல்ஸ்பர்க் என்ற ஊரில், 17 குழந்தைகளில் கடைக்குட்டியாகப் பிறந்தார். 16 வயதில் சிகாகோவில் முதல் பந்தயம். அவசரத்தில் மற்றக் குதிரைகளுக்குக் குறுக்கே வெட்டி நுழைந்தார், குதிரைகள் மோதி விழுந்தன, ஓராண்டு தடை. அந்த ஓராண்டில் நிதானம் கற்றுக்கொண்டார். 1900 டெர்பியில் மூன்றாமிடம். 1901இல் ஹிஸ் எமினென்ஸ் என்ற குதிரையில் வெற்றி.

1902 பந்தயத்தைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். குதிரை உரிமையாளர் மெக்டவலிடம் ஆலன்-ஏ-டேல், ரைவல் என்று இரண்டு குதிரைகள். எதில் ஏறுவது என்று முதலில் தேர்ந்தெடுக்கும் உரிமை நாஷ் டர்னர் என்ற வெள்ளை ஜாக்கிக்கு. காலைப் பயிற்சியில் இரண்டையும் ஓட்டியவர் விங்க்ஃபீல்ட். ஆலன்-ஏ-டேலின் வேகம் அவருக்குத் தெரிந்துவிட்டது. அதனால் பயிற்சியில் கடிவாளத்தை இறுக்கிப் பிடித்தே ஓட்டினார். ஒரு நாள்கூட முழு வேகத்தில் விடவில்லை. டர்னர் ரைவலைத் தேர்ந்தெடுத்தார். முதலில் கேட்கும் உரிமை இல்லாதவன் தனக்கு வேண்டியதை வேறெப்படி எடுத்துக்கொள்வான்?

பந்தய நாளன்று நான்கே குதிரைகள். தடத்தின் வெளிப்பக்கம் மணல் ஆழமாகக் கிடந்ததை விங்க்ஃபீல்ட் கவனித்து வைத்திருந்தார். முன்னால் ஓடிக்கொண்டிருந்த ஆலன்-ஏ-டேலுக்குப் பாதியில் கால் நோவு கண்டு, நொண்டத் தொடங்கியது. பின்னாலிருந்து ஒவ்வொருவராக நெருங்கினார்கள். நெருங்கியவர்களை வெளிப்பக்கம், அந்த ஆழ மணலை நோக்கித் தள்ளிக்கொண்டே போனார். மணலில் குளம்பு புதையும், ஓட்டம் தளரும், அந்த நொடியில் இவர் மறுபடியும் உள்ளே திரும்புவார். நொண்டும் குதிரையை வைத்து மூக்கு நீள வித்தியாசத்தில் டெர்பியை வென்றார். அப்போது அவருக்கு வயது 20. அதற்குப் பிறகு இன்றுவரை எந்தக் கறுப்பின ஜாக்கியும் டெர்பியை வென்றதில்லை.

ஏன்? அந்த ஆண்டுகளில் ஜாக்கி தொழில் பெரும் பணம் புரளும் தொழிலாகிவிட்டது. நியூயார்க் தடங்களில் வெள்ளை ஜாக்கிகள் ஒன்றுகூடினார்கள். கறுப்பின ஜாக்கி ஓட்டும் குதிரையை நடுவில் விட்டு நான்கு பக்கமும் அடைப்பது, வேலியோரம் நெருக்கி அவன் காலை நசுக்குவது, குதிரையை அடிக்க வேண்டிய சவுக்கால் அவன் முகத்தில் அடிப்பது. நடுவர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். உரிமையாளர்களின் கணக்கோ இன்னும் எளியது: எவ்வளவு நல்ல ஓட்டக்காரனாக இருந்தாலும், அவனை ஏற்றினால் என் குதிரையை வழிமறிப்பார்கள், எனக்கு நஷ்டம். யாரும் சட்டம் போடவில்லை. அழைப்பதை நிறுத்தினார்கள், அவ்வளவுதான். பிறகு 1908இல் நியூயார்க்கில் சூதாட்டத் தடைச் சட்டம் வந்து பந்தயங்களே சுருங்கியபோது, மிஞ்சிய சில வேலைகளும் இவர்களுக்கு இல்லை. தென்மாநிலக் கிராமங்களைவிட்டுக் கறுப்பின மக்கள் வடக்கு நகரங்களுக்குக் குடிபெயர்ந்ததும் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் அது பெரிய அலையாகக் கிளம்பும் முன்பே லாயத்தின் கதவு சாத்தப்பட்டுவிட்டது.

விங்க்ஃபீல்ட் பக்கம் ஒரு தவறும் இருந்தது; அதை மறைக்க மாட்டேன். 1903இல் ஜான் மேடன் என்ற செல்வாக்கான உரிமையாளருக்கு ஓட்டுவதாகச் சொல்லிவிட்டு, கூடுதல் பணத்துக்காகக் கடைசியில் வேறு குதிரையில் ஏறினார். சொன்ன சொல் தவறியது தப்பு. ஆனால் டெர்பியை அடுத்தடுத்து இரண்டு முறை வென்றவருக்கு அதன்பின் சவாரி கிடைப்பதே அரிதானதை அந்த ஒரு தப்போடு மட்டும் முடிச்சுப்போட முடியாது.

1904இல் ரஷ்யாவுக்குக் கப்பலேறினார். மாஸ்கோவிலும் வார்சாவிலும் டெர்பிகளை வென்றார். கிரெம்ளினுக்கு எதிரே இருந்த நேஷனல் ஹோட்டலில் தங்கினார். புரட்சி வந்தபோது குதிரைகளோடு தெற்கே ஒடெசாவுக்குப் போனார். 1919இல் போல்ஷெவிக் படை அங்கேயும் நெருங்கியது. அங்கிருந்த சிலரோடு சேர்ந்து, 200-க்கும் மேற்பட்ட உயர்சாதிக் குதிரைகளை ஓட்டிக்கொண்டு, ருமேனிய மலைகளைக் கடந்து போலந்து வரை போனார். ஏறத்தாழ 1,700 கிலோமீட்டர். வழியில் சோறில்லாமல் சில குதிரைகளையே கொன்று தின்ன நேர்ந்தது. குதிரையைப் பிள்ளைபோல வளர்த்தவர்களுக்கு அந்தக் கவளம் எப்படி இறங்கியிருக்கும் என்று நினைக்கையில் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

பிறகு பிரான்ஸ். 1930இல், 48 வயதில், சவாரியை நிறுத்தியபோது அவர் கணக்கில் 2,500-க்கும் மேற்பட்ட வெற்றிகள். பாரிஸுக்கு அருகில் மெசோன்-லஃபீத் என்ற ஊரில் சொந்த லாயம் வைத்துக் குதிரைகளைப் பழக்கினார். ஜெர்மானியர்கள் பிரான்ஸைப் பிடித்ததும் அதுவும் போயிற்று. 1941இல் அமெரிக்கா திரும்பியவருக்குக் கிடைத்தது சாலை போடும் கூலி வேலை; அதன்பின் அடுத்தவர் லாயத்தில் குதிரை பராமரிக்கும் வேலை. வயது 60ஐத் தொடும்போது, டெர்பி வென்றவர், மறுபடியும் சாணி அள்ளும் இடத்திலிருந்து தொடங்கினார். ‘ஒதுங்கிக்கொள்பவர்’ செய்கிற காரியமா இது? 1953இல் பிரான்ஸுக்கே திரும்பி, மறுபடியும் பயிற்சியாளரானார்.

1961. அவர் வென்ற முதல் டெர்பிக்கு 60 ஆண்டுகள் நிறைந்த சமயம். டெர்பிக்கு முன் லூயிவில்லின் பிரவுன் ஹோட்டலில் நடந்த விருந்துக்கு ‘ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்’ இதழ் அவரை அழைத்திருந்தது. 79 வயது விங்க்ஃபீல்ட் மகளோடு வந்தார். முன்வாசலில் நின்ற காவலாள், இந்த வழியாக நீங்கள் உள்ளே போக முடியாது என்று தடுத்துவிட்டார். அழைப்பின் பேரில் வந்திருக்கிறோம் என்று சொல்லிப் பார்த்தார்கள். நெடுநேரம் காத்திருந்த பிறகே உள்ளே விட்டார்கள். உள்ளே போன பிறகும், அறை முழுக்கப் பந்தய உலகத்துப் புள்ளிகள் இருந்தும், யாரும் அவரிடம் பேசவில்லை. ஒரே ஒருவர் எழுந்து வந்து அவரோடு உட்கார்ந்து பேசினார்: ராஸ்கோ கூஸ், 1913 டெர்பியை வென்ற பழைய வெள்ளை ஜாக்கி. மறுபடியும் பிரான்ஸுக்குப் போன விங்க்ஃபீல்ட், 1974இல் அங்கேயே இறந்தார். அமெரிக்கப் பந்தய உலகின் புகழ்க்கூடத்தில் அவர் பெயரைச் சேர்த்தது 2004இல்.

உங்கள் நண்பரிடம் அந்த ஹோட்டல் வாசலைப் பற்றிச் சொல்லுங்கள். அங்கே காத்து நின்றவர் ஒதுங்கியா நின்றார் என்று அவரையே கேளுங்கள்.