மருந்து தடவத் தொடங்கிய ஆறாவது வாரத்தில் முடி அதிகம் கொட்டுகிறதா?

மியான்மரின் மோல்மீன் நகரிலிருந்து 28 வயது வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "உச்சந்தலையில் முடி மெலிந்து தோல் தெரியத் தொடங்கியது. அறுவை சிகிச்சைக்கு மனம் வராததால் 5 சதவீத மினாக்சிடில் திரவத்தை ஆறு வாரமாகத் தடவி வருகிறேன். முன்பைவிட அதிகமாகக் கொட்டுகிறது. இதை விட்டுவிட்டுத் தேங்காய் எண்ணெயே தேய்க்கும்படி அம்மா சொல்கிறார். நிறுத்திவிடலாமா?"

நிறுத்த வேண்டாம். ஓய்வு நிலையில் இருக்கும் பழைய முடி, கீழிருந்து புதிய முடி கிளம்பும்போதுதான் விழுகிறது. இந்த மருந்து அந்த ஓய்வுக் காலத்தைச் சுருக்கிவிடுவதால், மாதக்கணக்கில் ஒவ்வொன்றாக விழ வேண்டியவை இரண்டாம் வாரத்துக்கும் எட்டாம் வாரத்துக்கும் இடையில் சேர்ந்தாற்போல் விழுகின்றன. பலர் மருந்து பிடிக்கவில்லை என்று கைவிடுவது சரியாக இந்த வாரங்களில்தான் என்பது எனக்கு எப்போதும் வருத்தம் தருகிறது. பலனைக் கணிக்க நான்கு மாதமாவது தேவை; முழுப் பலன் தெரிய ஓராண்டு ஆகலாம்.

தடவும் முறையில்தான் பெரும்பாலும் பிழை நேர்கிறது. மருந்து சேர வேண்டிய இடம் முடியன்று, தோல். தலை நன்றாகக் காய்ந்த பிறகு, சீப்பின் முனையால் வகிடு எடுத்து, சொட்டுக்குழாயில் 1 மில்லி அளந்து, வகிட்டுக்கு வகிடு சில சொட்டுகளாக விட்டு, விரல் நுனியால் பரப்புங்கள். காலையும் இரவும் இதே அளவுதான். ஒரு வேளை தவறினால் அடுத்த வேளை இரட்டிப்பாகத் தடவக் கூடாது. தடவியபின் கையைக் கழுவுங்கள். நான்கு மணி நேரம் தலையில் தண்ணீர் படக் கூடாது. திஞ்சான் தண்ணீர்த் திருவிழா நாட்களில் வெளியே போனால் நனையாமல் திரும்ப முடியாது என்பதால், வீடு வந்து தலை துவட்டிக் காய்ந்த பிறகு தடவிக்கொள்ளுங்கள்.

அம்மா சொல்லும் எண்ணெய் கெடுதல் செய்யாது, ஆனால் பரம்பரை வழுக்கையை நிறுத்தவும் செய்யாது. எண்ணெய்ப் பிசுக்குள்ள தலையில் மருந்து தோலில் சரியாகப் படாது. ஆகவே எண்ணெய் தேய்க்கும் நாளில், இங்கே கின்புன் என்று விற்கும் நம் சீயக்காயால் அலசிக் காயவைத்த பிறகே மருந்து. வெண்பொடி போல உதிர்வது பெரும்பாலும் காய்ந்த மருந்தே. அரிப்பும் சிவப்பும் கண்டால், திரவத்தில் கலந்துள்ள புரோப்பிலீன் கிளைகால் ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம். அது சேராத நுரை வடிவத்துக்கு மாறலாம்.

ஒன்றை இப்போதே சொல்லிவிட வேண்டும்: வழுக்கைக்கு அடிப்படையான ஹார்மோனை இம்மருந்து தடுப்பதில்லை. நிறுத்தினால் வளர்ந்த முடி சில மாதங்களில் உதிர்ந்துவிடும். நீண்ட காலம் வாங்க முடியுமா என்று வீட்டுச் செலவோடு சேர்த்து யோசித்துக்கொள்ளுங்கள்.

இது 1979இல் அமெரிக்காவில் இரத்த அழுத்த மாத்திரையாக வந்து, சாப்பிட்டவர்களுக்கு உடலெங்கும் முடி வளர்ந்ததைக் கண்டபின் 1988இல் தலையில் தடவும் மருந்தாக அனுமதி பெற்றது. எனவே இதய நோயாளிகள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. படபடப்பு, தலைசுற்றல், கால் வீக்கம் வந்தால் உடனே நிறுத்த வேண்டும். கர்ப்பிணிகளும் தாய்ப்பால் கொடுப்பவர்களும் தவிர்க்க வேண்டும். வட்டமாகக் கொட்டினாலோ, செதில், சீழ், தழும்பு தெரிந்தாலோ அது வேறு நோய். மருந்துக்கடைக்குப் போகாமல் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். வீட்டில் பூனை இருந்தால் தலையணையில் ஏறவிடாதீர்கள். துளி மினாக்சிடிலை நக்கினாலும் அதன் உயிருக்கு ஆபத்து.