90 கிராம் வெயிட், 300 கிலோ மூடி: அழுத்தம் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: விசையும் அழுத்தமும் ஒன்றுதானே?

பதில்: இல்லை. விசையைப் பரப்பால் வகுத்தால் கிடைப்பது அழுத்தம். ஒரு சதுர மீட்டரில் ஒரு நியூட்டன் என்றால் ஒரு பாஸ்கல்.

கேள்வி: கைக்குள் அடங்கும் குக்கர் வெயிட் அவ்வளவு நீராவியை எப்படி அடக்குகிறது?

பதில்: வெயிட் தடுத்து நிறுத்துவது மூடியிலுள்ள சிறு துளையை மட்டும். துளையின் விட்டம் 3.4 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள், பரப்பு சுமார் 0.09 சதுர செ.மீ. வீட்டுக் குக்கர்கள் பெரும்பாலும் ஒரு சதுர செ.மீ.க்கு ஒரு கிலோ என்ற அளவில் இயங்குகின்றன. ஆகவே 90 கிராம் எடையே போதும். அழுத்தம் அதைத் தாண்டியதும் வெயிட் எழும்பி விசிலடிக்கிறது. அந்த நிலையில் தண்ணீர் கொதிப்பது ஏறத்தாழ 120 டிகிரி செல்சியஸில். பருப்பு சீக்கிரம் வேகும் காரணம் அதுதான்.

இப்போது மூடியைப் பாருங்கள். விட்டம் 20 செ.மீ. என்றால் பரப்பு 314 சதுர செ.மீ. அழுத்தம் அதே ஒரு கிலோதான், ஆனால் மூடியை மேல்நோக்கித் தள்ளும் விசை 314 கிலோ எடைக்குச் சமம்! ஆவி முழுவதும் அடங்குமுன் மூடியைத் திருகாதீர்கள். இருபதில் ஒரு பங்கு அழுத்தம் மிஞ்சியிருந்தாலும் 15 கிலோவுக்கு மேல் தள்ளும்.

கேள்வி: ஊசி ஏன் சுலபமாகக் குத்துகிறது?

பதில்: முனையின் பரப்பு மிகக் குறைவு.

கேள்வி: கத்தியைத் தீட்டினால் ஏன் நன்றாக வெட்டுகிறது?

பதில்: ஊசிக்குச் சொன்னதேதான்.

கேள்வி: உங்கள் 314 கிலோ கணக்கு தவறு. வெளிக்காற்றும் மூடியைக் கீழே அழுத்துகிறதே, அதைக் கழிக்கவில்லையே?

பதில்: கழித்தாயிற்று. நான் சொன்ன ஒரு கிலோ, வெளிக்காற்றைவிட உள்ளே கூடுதலாக இருக்கும் அழுத்தம். உள்ளே மொத்தம் ஏறக்குறைய இரண்டு, வெளியே ஒன்று.

கேள்வி: அப்படியானால் டயரில் 32 என்று காட்டும்போதும் இதே கதையா?

பதில்: ஆம், அளவி காட்டுவது வெளிக்காற்றுக்கு மேற்பட்டதை மட்டுமே. 32 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 32 பவுண்டு) என்பது சதுர செ.மீ.க்குச் சுமார் 2.25 கிலோ. ஆயிரம் கிலோ காரில் ஒரு சக்கரத்துக்கு 250 கிலோ. வகுத்தால் தரையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய 110 சதுர செ.மீ. டயரின் விறைப்பும் கொஞ்சம் தாங்குவதால் இது தோராயம்தான். காற்று குறைந்தால் டயர் அதிகமாகப் பரவித் தரையைத் தொடும் என்பது இந்த வகுத்தலிலேயே தெரிகிறது.

கேள்வி: அப்படியானால் காற்றே இல்லாத இடத்தில் டயர் வெடித்துவிடுமே?

பதில்: அங்கே வித்தியாசம் 32-லிருந்து சுமார் 47 ஆகும். நல்ல டயர் அதைத் தாங்கும். குக்கருக்கே திரும்புவோம்.

கேள்வி: எனக்கு ரத்த அழுத்தம் 150. குறைப்பது எப்படி?

பதில்: மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: பழைய குக்கரின் வெயிட்டைப் புதியதில் போடலாமா?

பதில்: கூடாது. குக்கரின் கொள்ளளவு இதில் பொருட்டல்ல. துளையும் வெயிட்டும் பொருந்த வேண்டும். துளை சிறியதாக இருந்தால் அதே வெயிட் அதிக அழுத்தத்தைத் தேக்கும்.

கேள்வி: வெயிட்டின் மேல் கரண்டி வைத்தால் இன்னும் சீக்கிரம் வேகுமா?

பதில்: வைக்காதீர்கள். 90 கிராம் கரண்டி என்றாலும் அழுத்தம் இரு மடங்காகி, மூடி மீதான விசை 628 கிலோவை எட்டிவிடும். சேஃப்டி வால்வு அதற்குமுன் திறந்துகொள்ள வேண்டும். ஆனால் அது பழுதாகியிருந்தால் ஆபத்துதான்.