வேலூரில் வீட்டுக் கார் ஷெட்டின் பழைய ஷட்டரை மாற்ற வேண்டும். பாதுகாப்பானது எது, மோட்டார் வைக்கலாமா?

20 வருடப் பழைய இரும்பு ஷட்டர், அடியில் துரு பிடித்துவிட்டது, எவ்வளவு கனமான தகடு வாங்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். தகட்டின் கனம் எனக்கு மூன்றாவது கேள்வி. முதல் கேள்வி, அது தரையோடும் சுவரோடும் எதனால் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பது. இதைச் சொல்ல எனக்குத் தகுதி வந்த கதை இது.

சத்துவாச்சாரியில் எங்கள் வீடு. ஒரு மே மாதம் மகள் வீட்டுக்கு நான்கு நாள் போய்வந்தோம். திரும்பிவந்து பார்த்தால் ஷட்டர் ஒன்றரை அடி தூக்கி நின்றது. இன்வெர்ட்டர் பேட்டரி இல்லை, தண்ணீர் மோட்டார் இல்லை, பேரனின் சைக்கிளும் இல்லை. பெரிய திண்டுக்கல் பூட்டு மட்டும் பூட்டியபடியே பத்திரமாக இருந்தது, கொண்டியோடும் ஒரு பிடி சிமெண்டோடும் சேர்த்து! தரையில் ஓர் அங்குல ஆழத்துக்குக் கலவை வைத்துப் பதித்த கொண்டி அது. கடப்பாரையைக் கொடுத்து ஒரே நெம்பு நெம்பியிருக்கிறார்கள். தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை என்று நம் ஊரைக் கிண்டல் செய்வார்கள். கள்ளன் இல்லாத ஊர் என்று யாரும் சொன்னதில்லை.

அதனால் புதிய ஷட்டர் போடும்போது தரையிலிருந்துதான் தொடங்கினேன். பூட்டு விழும் இரண்டு இடத்திலும் ஓர் அடி ஆழத்துக்குத் தோண்டி, கம்பியோடு கொண்டியைப் பற்றவைத்து, ஜல்லி போட்டுக் கான்கிரீட் இட்டேன். ஒரு வாரம் தண்ணீர் ஊற்றிய பிறகே ஷட்டர்காரரை வரச் சொன்னேன். அடிப்பட்டையில் வெறும் தகட்டை மடித்து விடாமல், முழு நீளத்துக்கும் எல் (L) வடிவ இரும்பு ஆங்கிள் வைக்கச் சொல்லுங்கள். நடுவில் நெம்பினால் வளையாமல் நிற்க வேண்டியது அதுதான்.

அடுத்தது இரண்டு பக்கச் சட்டங்கள், அதாவது ஷட்டரின் தகட்டுப் பட்டைகள் ஏறி இறங்கும் தடம். எங்கள் பழைய தடம் ஒன்றரை அங்குல ஆழம்தான். நடுவில் எட்டி உதைத்தால் பட்டைகள் வெளியே வந்துவிடும். இப்போது இரண்டரை அங்குலத்துக்கு மேல் வைத்திருக்கிறேன். பட்டைகளின் முனைகளில் மாட்டும் எண்ட் லாக் துண்டுகளை விட்டுவிட்டு, "அதெல்லாம் கடைகளுக்குத்தான் சார்" என்றார் பொருத்த வந்தவர். வீட்டுக்கும் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். அது இல்லாவிட்டால் ஒரு பட்டை பக்கவாட்டில் நழுவி, வழிவிடும். தடத்தைப் பூச்சின் மேலேயே ஆங்கர் போல்ட் போட்டு முறுக்குவதையும் அனுமதிக்காதீர்கள். பூச்சைக் கொத்திவிட்டு, உள்ளே இருக்கும் தூணில் பிடிக்க வேண்டும். போல்ட் தலை வெளியே தெரிந்தால் அதன்மேல் ஒரு பற்றவைப்பு.

இனி தகடு. தகட்டின் கனத்தைக் கடையில் கேஜ் எண்ணால் சொல்வார்கள். அந்த எண் கூடினால் தகடு மெலியும். பலர் இங்கேதான் ஏமாறுகிறோம். 18 கேஜ் என்பது சுமார் 1.2 மில்லிமீட்டர், 20 கேஜ் சுமார் 0.9, 22 கேஜ் சுமார் 0.7. மூன்றரை மீட்டர் அகலம் வரையுள்ள ஷட்டருக்கு 0.9 மில்லிமீட்டருக்குக் குறையாத தகடு வேண்டும் என்பது மத்தியப் பொதுப்பணித் துறையின் விதி. நான் ராணிப்பேட்டை சிப்காட்டில் மெஷின் ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கனம் அளக்கும் மைக்ரோமீட்டரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டே விலை கேட்கப் போனேன். "20 கேஜ்" என்று ஒரு கடையில் காட்டிய மாதிரி, பெயிண்டோடு சேர்த்தே 0.74 தான் இருந்தது. கடைக்காரர் முகத்தைப் பார்க்க எனக்கே சங்கடமாகப் போய்விட்டது. உங்களிடம் கருவி இல்லாவிட்டால், தெரிந்த லேத் பட்டறையில் ஒரு துண்டைக் கொடுத்து அளக்கச் சொல்லுங்கள். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகடே வாங்குங்கள். வெறும் இரும்பு வாங்கினால், மழைக்காலத்தில் வாசல் தண்ணீர் தேங்கும் அடி விளிம்புதான் முதலில் போகும். உங்களுக்குப் போயிருப்பதும் அதுதானே.

சதுர அடிக் கணக்கில் ஒரு சூட்சுமம் உண்டு. எங்கள் வாசல் 10 அடி அகலம், 8 அடி உயரம். பில்லில் 80 சதுர அடி வரவில்லை. மேலே சுருளும் பெட்டிக்கு ஒன்றரை அடியையும் பக்கத் தடங்களையும் சேர்த்துக் கணக்கிட்டிருந்தார்கள். அது தொழில் வழக்கம், மோசடி அல்ல. முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொண்டால் சண்டை இல்லை.

மோட்டாரைப் பொறுத்தவரை, இந்த அளவுக்குக் கையால் தூக்குவதே போதும். என் மனைவிக்குத் தோள்வலி, அதனால் மோட்டார் வைத்தேன். கரண்ட் இல்லாதபோது இழுக்கக் கைச்சங்கிலி உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டுக்குள் போக வேறு வழியே இல்லை என்றால், வெளியிலிருந்து சாவியால் விடுவிக்கும் ஏற்பாடும் தேவை. ரிமோட் ஒவ்வொரு முறையும் குறியீட்டை மாற்றும் 'ரோலிங் கோட்' வகையாக இருக்கட்டும். ஒரே குறியீட்டை அனுப்பும் மலிவான ரிமோட்டுக்கு நகல் எடுப்பது சாவிக்கு நகல் எடுப்பதைவிட எளிது. மோட்டார் இருந்தாலும் ஊருக்குப் போகும்போது கீழ்ப்பூட்டு போடுகிறேன். ஆனால் பூட்டியிருப்பதை மறந்து ரிமோட்டை அழுத்தினால் மோட்டார் மேலே இழுக்க, பூட்டு கீழே இழுக்க, பட்டைகள் நெளிந்துவிடும். எங்கள் மாப்பிள்ளை தீபாவளியன்று இதைச் செய்து காட்டினார். அதற்குப் பிறகுதான், பூட்டியிருந்தால் மோட்டாருக்கு மின்சாரம் போகாமல் தடுக்கும் சிறிய ஸ்விட்சை வைத்தோம். நீங்கள் முதலிலேயே வைத்துவிடுங்கள். குழந்தைகள் இருந்தால், குறுக்கே ஏதாவது வந்தால் இறங்குவதை நிறுத்தும் சென்சாரும் அவசியம்.

உள்ளே நுரை அடைத்த, கூரையை ஒட்டிச் சறுக்கிப் போகும் பலகைக் கதவுகளும் வருகின்றன. மே மாத வேலூர் வெயிலுக்கு அவை நல்லவைதான், எங்களுடையது மேற்குப் பார்த்த வாசல் என்பதால் ஆசையும் இருந்தது. விலையும் அதிகம், கூரையில் தண்டவாளத்துக்கு இடமும் வேண்டும், எங்களுக்கோ நடுவில் ஒரு பீம். தவிர, கரண்ட் இல்லாதபோது மோட்டாரிலிருந்து கதவை விடுவிக்க உள்ளே தொங்கும் அவசரக் கயிற்றை மேல் இடுக்கு வழியாகக் கம்பி விட்டு இழுத்துத் திறந்துவிட முடியும். அதை வாங்கினால் கயிற்றுக்கு ஒரு மறைப்புப் போடுங்கள். காற்றுக்காக முழுக்கத் துளையிட்ட பட்டையும் வேண்டாம். கார் இருக்கிறதா இல்லையா என்பது தெருவுக்கே தெரியும். மேலே இரண்டடி மட்டும் துளை போதும்.

ஷெட்டிலிருந்து சமையலறைக்குப் போகும் கதவையும் ஒருமுறை தள்ளிப் பாருங்கள். எங்களுடையது ஒரு சிறு தாழ்ப்பாளில் நின்ற ஒட்டுப்பலகைக் கதவு. அன்று வந்தவர்களுக்குப் பேட்டரியே போதுமானதாக இருந்ததால் தப்பித்தோம்.

பழைய ஷட்டரை நீங்களாகக் கழற்ற வேண்டாம். உருளைக்குள் இருக்கும் ஸ்பிரிங் முறுக்கேறி இருக்கும், கையை உடைத்துவிடும். ஆளை வைத்துக் கழற்றும்போதும், புதியது வாசலில் வந்து இறங்கிய பிறகே பழையதைத் தொட விடுங்கள். எங்களுக்கு வேலை செய்தவர்கள் மாலை 5 மணிக்குப் பழையதைக் கழற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டு, "காலையில் வந்துவிடுகிறோம் சார்" என்று போய்விட்டார்கள். அன்று இரவு முழுவதும் ஷெட்டில் கயிற்றுக் கட்டில் போட்டு, கொசுவை அடித்துக்கொண்டு நானே ஷட்டராக இருந்தேன்.