மூன்றாவது முறை நீட் வேண்டாம், பிள்ளைக்கு வாசிக்கத் தெரிகிறது

அண்ணே, அக்கா,

இரண்டு முறை நீட் எழுதியும் மகளுக்கு இடம் கிடைக்கவில்லை என்று கருங்கல் ஊரிலிருந்து வந்து என் முன்னால் கண் கலங்கினீர்கள். ரப்பர் பால் விற்ற காசைக் கோச்சிங் சென்டருக்குக் கட்டியவர்களின் வேதனை அது. பிள்ளை மேலும் தப்பில்லை, உங்கள் மேலும் தப்பில்லை. ஆறுதல் இவ்வளவுதான். இனி நான் சொல்லப்போவது உங்கள் சொந்தக்காரர்களுக்குப் பிடிக்காது.

பெங்களூரு மாமன் "இன்னொரு தடவ எழுதட்டு" என்கிறார். ஏஜென்ட் ஒருவர் வெளிநாட்டு எம்.பி.பி.எஸ். என்று நோட்டீஸ் கொடுத்திருக்கிறார். இரண்டுமே வேண்டாம். இயற்பியல் புத்தகத்தைத் திறந்தாலே வயிற்றைக் கலக்குகிறது என்று பிள்ளையே வாய் திறந்து சொல்லிவிட்டாள். மூன்றாவது வருடத்தில் அது மாறிவிடும் என்று எதை வைத்து நம்புவது? வெளிநாடு என்றால், தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 விதிகளின்படி குறைந்தது 54 மாதப் படிப்பு, அங்கே 12 மாதம் பயிற்சி, இந்தியா திரும்பித் தகுதித் தேர்வில் தேறி, இங்கேயும் 12 மாதம் பயிற்சி. இதற்காக வீட்டையும் தோட்டத்தையும் ஈடு வைக்கக் கூடாது. இதில் நான் இறங்கி வரமாட்டேன்.

அன்று நீங்கள் கொண்டுவந்த கல்விக்கடன் காகிதம் நினைவிருக்கிறதா? நாம் மூவரும் மாதத் தவணையையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவள்தான் இரண்டாம் பக்கத்தின் கீழே சின்ன எழுத்தில் விரலை வைத்து, "படிக்கிற காலத்திலயும் வட்டி ஏறும்னு போட்டிருக்கே" என்றாள். அந்தக் கண்ணுக்கு ஏற்ற படிப்பு சட்டம்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் பிளஸ் டூ முடித்த வீடுகளில் சட்டம் என்ற பேச்சே எழுவதில்லை. இத்தனைக்கும் இந்த மண் 1956இல் தமிழ்நாட்டோடு சேரப் போராடியவர்களின் முன்வரிசையில் நின்ற மார்ஷல் நேசமணி, நாகர்கோவிலில் வழக்காடிய வக்கீல். நாகர்கோவில், பத்மநாபபுரம், குழித்துறை, இரணியல் என்று வீட்டைச் சுற்றி நீதிமன்றங்கள் இருக்கின்றன. பழைய திருவிதாங்கூர் காலத்துப் பத்திரங்களை வைத்துக்கொண்டு எல்லைத் தகராறில் அலைகிற குடும்பங்களும் நிறைய.

பெரும்பாலான தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களில் ஐந்தாண்டுப் படிப்பில் சேர கிளாட் என்ற நுழைவுத் தேர்வு. எந்தப் பிரிவு எடுத்தவரும் எழுதலாம், வயது வரம்பு கிடையாது. 120 நிமிடத்தில் 120 கேள்வி, தவறான விடைக்குக் கால் மதிப்பெண் போகும். 2020இலிருந்து கேள்விகளெல்லாம் பத்தி வாசித்து விடை சொல்லும் வகைதான். ஆங்கிலப் பகுதியில் ஒரு பத்தி ஏறக்குறைய 450 சொல் இருக்கும். சட்டக் கேள்விக்கும் சட்டம் முன்பே தெரிந்திருக்க வேண்டியதில்லை, விதியைப் பத்தியிலேயே கொடுத்துவிடுவார்கள்.

இனி உன்னிடம் பேசுகிறேன், மக்ளே. நீ எழுதிக் காட்டிய மாதிரித் தாளில் கருத்துக் கேள்விகளெல்லாம் சரி. தகவல் கேள்விகளில்தான், அதாவது எது, எங்கே, எதற்காக என்று நேரடியாகக் கேட்பவற்றில்தான், மதிப்பெண் போயிருக்கிறது. காரணம், பத்தியை ஒரு தடவை வாசித்துவிட்டு நினைவிலிருந்தே குறிக்கிறாய்.

இப்படி ஒரு பத்தி வந்ததாக வை: "குன்றிலிருந்து குன்றுக்குப் பாசன நீரைக் கொண்டுசெல்ல மாத்தூரில் தொட்டிப்பாலம் கட்டப்பட்டது. பறளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில் 28 தூண்கள் அதைத் தாங்குகின்றன. விளவங்கோடு, கல்குளம் வட்டங்களின் வேளாண்மைக்கு இது உதவுகிறது." பாலத்தைப் பற்றிப் பத்தி சொல்வது எது என்று கேள்வி. (அ) சுற்றுலாப் பயணிகள் விரும்பி வரும் இடம். (ஆ) பறளியாற்று நீரைத் தேக்கக் கட்டப்பட்டது. (இ) இரு வட்டங்களின் எல்லா வயல்களுக்கும் நீர் தருகிறது. (ஈ) ஒரு மேட்டிலிருந்து இன்னொரு மேட்டுக்குத் தண்ணீர் கடத்துகிறது.

நம் ஊர்ப் பிள்ளைக்கு (அ) தான் முதலில் கண்ணில் படும். ஞாயிற்றுக்கிழமை அங்கே நிற்கும் வண்டிகளை நீயே பார்த்திருக்கிறாய். உண்மைதான், ஆனால் பத்தி அதைச் சொல்லவில்லை. இந்த வகையில்தான் நீ அதிகம் விழுகிறாய். (ஆ)வில் பறளியாறு என்ற பெயர் அப்படியே இருக்கிறது, ஆனால் நீரைத் தேக்கியதாகப் பத்தியில் இல்லை. (இ)யைக் கெடுப்பது "எல்லா" என்ற ஒரே சொல். ஒரே, எப்போதும், முதன்முதலில், பெரும்பாலும் போன்றவை வந்தால் பத்தியிலும் அந்த அளவு சொல்லப்பட்டிருக்கிறதா என்று பார். (ஈ)யில் பத்தியின் ஒரு சொல்கூட அப்படியே இல்லை, ஆனாலும் அதுதான் விடை. சரியான விடை பெரும்பாலும் வேறு சொல்லில்தான் வரும்.

கேள்வியில் இருக்கும் பெயரையோ வருடத்தையோ பிடித்துக்கொண்டு பத்தியில் அந்த வரிக்குப் போ. அதற்கு முந்தின வரியையும் அடுத்த வரியையும் சேர்த்து வாசி. "ஆனால்" என்று ஒரு சொல் அடுத்த வரியில் வந்து எல்லாவற்றையும் புரட்டிப் போட்டிருக்கும். விடைகளைப் பார்க்கும் முன்பே உன் சொல்லில் பதிலைச் சொல்லிக்கொள். "எது சொல்லப்படவில்லை" என்று கேட்டால், நான்கையும் ஒவ்வொன்றாகப் பத்தியில் தேடி, இருப்பவற்றை அடித்துவிடு. மிஞ்சுவது விடை. எந்த வரி என்று விரல் வைத்துக் காட்ட முடியாத விடையைக் குறிக்காதே. பழைய வினாத்தாள்கள் தேர்வு நடத்தும் கூட்டமைப்பின் தளத்தில் இலவசம். இன்னொரு கோச்சிங்குக்குப் பணம் கட்டவே கூடாது.

அண்ணே, செலவைப் பேசிவிடுவோம். தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் வருடத்துக்கு 2 லட்சத்துக்கு மேல் ஆகும். விண்ணப்பத்துக்கே 4,000 ரூபாய், பட்டியலினத்தவருக்கு 3,500. தேர்வு டிசம்பரில், சேர்க்கை அடுத்த வருடம். அதனால் வருடத்தை வீணாக்காமல் இப்போதே திருநெல்வேலி அரசு சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பியுங்கள். அங்கே நுழைவுத் தேர்வு இல்லை, பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு. கட்டணமும் உங்கள் கைக்கு அடங்கும். அங்கே படித்துக்கொண்டே டிசம்பரில் கிளாட் எழுதட்டும். திருச்சியிலோ கொச்சியிலோ உள்ள தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தால், கடன் எவ்வளவு என்று உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பிறகு முடிவெடுப்போம். ரேங்க் பின்னால் போய்விட்டதென்றால் தூரத்துக் கல்லூரிக்கு லட்சங்களைக் கொட்ட வேண்டாம், திருநெல்வேலியிலேயே முடிக்கட்டும்.

ஒன்றை மறைக்கக் கூடாது. ஜூனியர் வக்கீலுக்கு முதல் சில வருடம் வருமானம் குறைவு. நீதிபதித் தேர்வு எழுத மூன்றாண்டு வழக்காடிய அனுபவம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025இல் சொல்லியிருக்கிறது. அதுவரை வீட்டுக்குப் பணம் தா என்று அவளைக் கேட்காதீர்கள். வக்கீலாகப் பதிவு செய்ய 750 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்பதும் 2024இல் அதே நீதிமன்றம் சொன்னதுதான். யாராவது ஆயிரக்கணக்கில் கேட்டால் கொடுக்க வேண்டாம்.

மாமனிடம் நான் பேசிக்கொள்கிறேன். மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் மூன்றையும் நகல் எடுத்து வையுங்கள். விண்ணப்பத்தை உங்கள் மகளே நிரப்பட்டும்.