பொற்றாசியம் குறைவு, கிரியேட்டினின் சரி: சிறுநீரகம் பழுதா?

கேள்வி: எனக்கு வயது 24, ஊர் அக்கரைப்பற்று. மூன்று வருடமாகக் கை கால் பிடிப்பு, உதடும் விரல்நுனியும் விறைப்பு, ஓயாத களைப்பு. உப்பில் தொட்ட மாங்காய் என்றால் விடமாட்டேன். பொற்றாசியம் 2.7, மக்னீசியம் 0.52, பைகாபனேற்று 31, கிரியேட்டினின் 0.7, பிறஷர் 98/62. வாட்டில் வைத்து ஏற்றிவிட்டார்கள்; வீட்டுக்கு வந்து மூன்று கிழமையில் பழையபடி இறங்கிவிட்டது. கிட்டெல்மன் நோயாக இருக்கலாம் என்கிறார் வைத்தியர். கமக்காரருக்கு வரும் கிட்னி நோயா இது? இளநீர் போதாதா? நோன்பு பிடிக்கலாமா? மாமி மகனுக்குப் பேசியிருக்கிறார்கள், பிள்ளைகளுக்கும் வருமா?

பதில்: கமக்காரரிடம் காணப்படும், காரணம் தெரியாத அந்த நாட்பட்ட நோயில் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனே படிப்படியாகக் குறைந்து கிரியேட்டினின் ஏறும். உங்களுக்கு 0.7. வடிகட்டி நன்றாகவே இருக்கிறது. கோளாறு வடித்ததைத் திரும்ப எடுக்கும் இடத்தில்.

இரண்டு சிறுநீரகங்களும் ஒரு நாளில் ஏறத்தாழ 180 லீற்றர் நீரை வடிக்கின்றன. அதோடு ஒன்றரைக் கிலோ அளவு உப்பும் இறங்குகிறது. நுண்குழாய்களின் சுவரிலுள்ள கடத்திப் புரதங்கள் அதில் 99 வீதத்துக்கு மேல் மீட்டுவிடும். பெரும்பங்கு முதற்பகுதிகளிலேயே முடிய, வடித்த மொத்த உப்பில் 5 முதல் 10 வீதத்தைப் பிடிப்பது, நுண்குழாயின் பிற்பகுதியான சேய்மைச் சுருண்ட குழாயில் இருக்கும் ஒரு புரதம். சோடியத்தையும் குளோரைட்டையும் சோடியாக உள்ளே இழுப்பதே அதன் வேலை. கிட்டெல்மன் நோயில் பிறப்பிலிருந்தே பழுதாக இருப்பது இந்தப் புரதம்தான்.

இதை அடையாளம் கண்ட விதம் சுவையானது. வட அமெரிக்கக் கரையோரத்தில், நம் நாக்குமீனுக்கு உறவான ஒரு தட்டை மீன் உண்டு. அதன் சலப்பை உப்பை உறிஞ்சும்; சலம் போக்கும் தயசைட்டு வகை மருந்து பட்டால் நிறுத்திவிடும். அமெரிக்க ஆய்வாளர் ஸ்டீவன் ஹெபர்ட்டின் ஆய்வுகூடத்தில் ஜெரார்டோ கம்பாவும் கூட்டாளிகளும் அந்தச் சலப்பையின் ஆர்.என்.ஏ.யைத் தவளை முட்டைக்குள் ஏற்றி, முட்டை சோடியத்தை இழுக்கிறதா, தயசைட்டு அதைத் தடுக்கிறதா என்று பார்த்துப் பார்த்தே 1993இல் மரபணுவைப் பிரித்தெடுத்தார்கள். கிட்டெல்மன் இந்த நோயை விவரித்தது 1966இல். நோயாளிகளிடம் பழுதாகியிருப்பது அதே மரபணுதான் என்று மரபியல் ஆய்வாளர் ரிச்சர்ட் லிஃப்டனின் குழு 1996இல் காட்டியது. இதுவரை நூற்றுக்கணக்கான பிழைகள் கண்டறியப்பட்டுள்ளன. பலவற்றில் புரதம் உருவாகிறது, ஆனால் சரியாக மடியாததால் கலத்தின் மேற்பரப்புக்கு வராமலே அழிக்கப்படுகிறது. அதைச் சரிசெய்யும் மருந்து இன்னும் இல்லை.

பிறஷருக்குத் தரும் ஹைட்ரோகுளோரோதயசைட்டுக் குளிசை தடுப்பதும் இதே புரதத்தைத்தான். ஆகவே உங்கள் உடம்பு பிறந்த நாள் முதல் அந்தக் குளிசையைப் போட்டுக்கொண்டிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

உப்புக் கடத்தி கெட்டால் பொற்றாசியம் ஏன் போகிறது? மேல் வாய்க்காலில் மறிக்காத தண்ணீர் கடைவயலில் சேர்வதுபோல, பிடிபடாத சோடியம் குழாயின் கடைசிப் பகுதியில் குவிகிறது. உப்பும் நீரும் இழந்த உடம்பு அல்டொஸ்டிரோன் என்ற ஹோர்மோனைக் கூட்டுகிறது. அது கடைசிப் பகுதியில் சோடியத்தை உள்ளே இழுக்கவைக்கும். அதற்கு ஈடாகப் பொற்றாசியமும் அமிலமும் வெளியே போகும். இரத்தத்தின் காரத்தன்மையைக் காட்டும் பைகாபனேற்று 31 ஆனது அதனால். மக்னீசியத்தை மீட்கும் வாசலும் இதே குழாய்ப் பகுதியில் இருப்பதால் அதுவும் ஒழுகுகிறது. வழமையாகப் பொற்றாசியம் வெளியேறும் வாசலைக் கலத்துக்குள் இருக்கும் மக்னீசியமே அடைத்து வைத்திருக்கும். அது குறைந்தால் வாசல் திறந்துகொள்ளும். வாட்டில் ஏற்றியது மூன்று கிழமையில் இறங்கியதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். மக்னீசியத்தை விட்டுவிட்டுப் பொற்றாசியத்தை மட்டும் கொடுத்தால் நிற்காது.

நோயை உறுதிசெய்ய, பொற்றாசியம் குறைந்திருக்கும் நேரத்திலேயே ஒரு தடவைச் சிறுநீரில் பொற்றாசியம், குளோரைட்டு, கல்சியம், கிரியேட்டினின் நான்கையும் பார்க்கச் சொல்லுங்கள். சிறுநீர்க் கிரியேட்டினினை மி.கி./டெ.லீ. என்று தந்தால் 11.3ஆல் வகுத்தால் மில்லிமோலாகும். உதாரணமாக, கிரியேட்டினின் 90 என்றால் 8 மில்லிமோல். பொற்றாசியம் 45 என்றால் விகிதம் 5.6. இரத்தத்தில் குறைந்திருக்கையில் இந்த விகிதம் 2ஐத் தாண்டினால் கசிவு சிறுநீரகத்தில்தான். கல்சியம்–கிரியேட்டினின் விகிதம் 0.2க்குக் கீழே நின்றால் கிட்டெல்மனுக்கு வலுச் சேரும். குளோரைட்டு மிகக் குறைவாக இருந்தால் வாந்தியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். மெலியவென்று கடையில் வாங்கும் குளிசைகளில் சலம் போக்கும் மருந்து இருக்கலாம். அப்படி எதையும் எடுத்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். அறிக்கை அச்சொட்டாக இதேபோல் வரும்.

இனி மருந்து. வளர்ந்தவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 40 மில்லிமோல் பொற்றாசியம் குளோரைட்டு தேவைப்படும். மெதுவாகக் கரையும் 600 மி.கி. குளிசை ஒன்றில் 8 மில்லிமோல், ஆக ஐந்து குளிசை. மூன்று நான்கு வேளையாகப் பிரித்து, சாப்பாட்டுக்குப் பின், நிமிர்ந்திருந்து, ஒரு கிளாஸ் தண்ணீரோடு முழுதாக விழுங்குங்கள். மென்றாலோ, போட்டதும் படுத்தாலோ உணவுக்குழாய் புண்ணாகும். மலத்தில் குளிசையின் கூடு வந்தால் பயப்பட வேண்டாம். மருந்து இறங்கிய பிறகு மிஞ்சும் மெழுகு அது. மக்னீசியம் தனிமக் கணக்கில் (உப்பின் எடையல்ல, அதிலுள்ள மக்னீசியத்தின் எடை) நாளுக்கு 300 மி.கி. அளவில் தொடங்குவது வழக்கம். ஒட்சைட்டு வகை வயிற்றோட்டத்தைக் கொண்டுவந்து உள்ளதையும் கெடுக்கும். வேறு வகை மக்னீசிய உப்புக் குளிசை கிடைத்தால் அதை எடுத்து, அதையும் வேளை பிரித்துப் போடுங்கள். அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் வைத்தியர் இரத்த அறிக்கை பார்த்துச் செய்ய வேண்டியது. பொற்றாசியம் 3.0, மக்னீசியம் 0.6 என்ற அளவில் நின்றாலே போதும். 4க்கு ஏற்றியே தீரவேண்டும் என்று முயன்றால் வயிறு தாங்காது. குளிசையால் முடியாவிட்டால் பொற்றாசியத்தைத் தேக்கிவைக்கும் அமிலோரைட்டு அல்லது ஸ்பைரோனோலக்டோன் சேர்ப்பார்கள். அவை உப்பை மேலும் போக்குவதால் தலைசுற்று வரலாம்.

உப்பைக் குறைக்காதீர்கள். மற்றவருக்கு நான் வேண்டாம் என்னும் கருவாடும் ஊறுகாயும் உங்களுக்கு உணவுதான். இளநீர் நல்லது, ஒரு கிளாஸில் ஏறத்தாழ 15 மில்லிமோல் பொற்றாசியம் கிடைக்கும். ஆனால் உங்களுக்குக் குளோரைட்டும் சேர்ந்தே குறைவு. பழத்திலும் இளநீரிலும் உள்ள பொற்றாசியம் முழுவதும் குளோரைட்டாக இல்லாததால் உடம்பில் நிற்பது குறைவு. குளிசைக்குப் பதிலாகாது.

களைப்பு என்று போனால் குளுக்கோஸ் சேலைன் ஏற்றிவிடும் பழக்கம் நம் பக்கம் இன்னும் போகவில்லை. சீனி ஏறும்போது இன்சுலின் பொற்றாசியத்தைக் கலத்துக்குள் தள்ளும், இரத்தத்தில் இன்னும் இறங்கும். இழுப்புக்குப் பிடிக்கும் சல்பியூட்டமோல் புகையும் அதையே செய்யும். நெஞ்செரிவுக்கு மாதக்கணக்கில் ஒமிப்ரசோல் போட்டால் மக்னீசியம் குறையும். அசித்ரோமைசின், கிளாரித்ரோமைசின், டொம்பெரிடோன் ஆகியவை இதயத் துடிப்பைக் குழப்பக்கூடியவை. அதிமதுரக் கசாயம் வேண்டாம். பல் பிடுங்கப் போனாலும் சத்திரசிகிச்சைக்குப் போனாலும் நோயின் பெயர் எழுதிய துண்டைக் காட்டுங்கள். வாந்தி, வயிற்றோட்டம் ஒரு நாளைத் தாண்டினாலோ, நெஞ்சு படபடத்தாலோ, மயங்கினாலோ, கால் தூக்க முடியாமல் போனாலோ வீட்டில் இருக்காமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும்.

நோன்பு: இப்போதைய 2.7இல் கூடாது. பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல் உப்பும் மருந்தும் இல்லாமல், இந்த வெயிலில் வியர்த்துக்கொண்டிருப்பது ஆபத்து. நோயாளிக்கு மார்க்கத்திலேயே சலுகை இருக்கிறது. சில மாதங்கள் 3.0க்கு மேல் நிலைத்து, ஈ.சி.ஜி.யும் சரியாக இருந்தால் உங்கள் வைத்தியரோடு பேசலாம். அப்போதும் மொத்தக் குளிசையையும் இஃப்தாருக்கும் ஸஹருக்கும் இடையில் மூன்று வேளையாக்க வேண்டும். பிடிப்பு தொடங்கினால் நோன்பை விட வேண்டும்.

கல்யாணம்: நோய் வர, வாப்பாவிடமிருந்து ஒன்றும் உம்மாவிடமிருந்து ஒன்றுமாக இரண்டு பிரதியும் பழுதாக வேண்டும். மாமி உங்கள் வாப்பாவின் கூடப்பிறந்தவர் என்றால் அவரிடம் அந்தப் பழுது இருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு. அவர் மகனிடம் இருக்க நான்கில் ஒன்று. மகனிடம் இருந்தால் உங்கள் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர இரண்டில் ஒன்று. மொத்தத்தில் எட்டில் ஒன்று. பெற்றோரும் சொந்தத்துக்குள் முடித்தவர்கள் என்றால் இது கூடும். வெளியில் முடித்தால் மிகச் சிறிது. பிள்ளைப்பேறு முடியாத காரியமல்ல. கர்ப்பத்தில் பொற்றாசியமும் மக்னீசியமும் கூடுதலாகத் தேவைப்படும், ஸ்பைரோனோலக்டோனை முன்கூட்டியே நிறுத்த வேண்டும். மாமி மகனுக்கு இரத்தத்தில் பொற்றாசியம் பார்த்துப் பயனில்லை, ஒரு பிரதி பழுதானவரிடம் அது சாதாரணமாகவே இருக்கும். மரபணுப் பரிசோதனைதான் வழி. அதிலும் முதலில் உங்களுடையதைச் செய்து பிழை எது என்று கண்ட பிறகு, அவரிடம் அந்தப் பிழையை மட்டும் தேடுவது செலவைக் குறைக்கும்.