மதுரையில காலேஜ் பசங்களுக்கு டீமா புதிர் போட்டி நடத்தணும், எப்படி பண்றது?

டீமுக்கு நாலு பேர் போதுங்க, அதுக்கு மேல போனா யாராவது ஒருத்தர் சும்மா வேடிக்கை பாத்துட்டு நிப்பாங்க. வெறும் கணக்குப் புதிரா வைக்காதீங்க, தமிழ் டிபார்ட்மென்ட் புள்ளைங்களுக்கும் வேலை இருக்கணும்.

முக்கியமான விஷயம் கடைசிப் புதிர் தான். ஒவ்வொரு புதிருக்கும் விடை ஒரு வார்த்தையா வச்சு, எல்லாத்தையும் சேத்தா தான் கடைசி விடை வரணும், இதை மெட்டான்னு சொல்லுவாங்க. நம்ம ஊர்லயே அருமையான மெட்டா இருக்கே, மீனாட்சி அம்மன் கோயிலுக்குள்ள ஆடி வீதி, வெளிய வந்தா சித்திரை, ஆவணி மூலம், மாசி, அப்புறம் வெளி வீதின்னு அடுக்கடுக்கா போகுதுல்ல, ஒவ்வொரு விடையிலயும் ஒரு வீதிக்கான குறிப்பை ஒளிச்சு வச்சு, விடைகளை உள்ளேருந்து வெளிய அடுக்கி ஒவ்வொரு விடையோட முதல் எழுத்தையும் கோத்துப் பாக்க விடுங்க, மதுரைக்காரப் பசங்க கண்டுபிடிச்சதும் கத்துவாங்க பாருங்க. ஆனா போட்டியை கேம்பஸ்லயே வைங்க, கோயிலுக்குள்ள செல்போன் விடமாட்டாங்க, மாசி வீதி கூட்டத்துல ஓடவும் முடியாது.

புதிர் எழுதாத ரெண்டு பேர்ட்ட முன்னாடியே குடுத்து போட்டுப் பாக்கச் சொல்லுங்க, இதை மட்டும் விட்றாதீங்க, எழுதினவனுக்கு எல்லாமே ஈசியா தான் தெரியும். க்ளூ குடுத்தா எல்லா டீமுக்கும் ஒரே நேரத்துல குடுங்க.

அமெரிக்காவுல எம்ஐடிங்கற யுனிவர்சிட்டில 1981லேருந்து மிஸ்டரி ஹன்ட்னு ஒரு புதிர் போட்டி நடக்குது, ஜெயிச்ச டீம் தான் அடுத்த வருஷப் புதிரை எழுதணும். அதையே நீங்களும் வைங்க, அடுத்த வருஷத்துக்கு ஆள் தேட வேண்டியதில்ல.