ஹட்டன் பக்கம் பட்டறை போட்டு, காசல்ரீ நீர்த்தேக்கத்தில் ஓட்ட 22 அடி இலகு பாய்ப்படகு ஃபைபரில் கட்டலாமா?

கட்டலாம். எல்லாரும் முதலில் யோசிப்பது படகின் வரைபடத்தைப் பற்றித்தான். ஆனால் அங்கே படகைக் கெடுப்பது பெரும்பாலும் குளிரும் பனிமூட்டமும்தான். வரைபடத்தை முதலில் சுருக்கமாக முடித்துவிடுவோம்.

பந்தயத்திலும் ஓட வேண்டும், இரண்டு பேர் உள்ளே படுக்கவும் வேண்டும் என்றால் நீளம் 6.7 மீட்டர், நீர்மட்ட நீளம் 6 மீட்டர், அகலம் 2.45 மீட்டர், ஆட்கள் ஏறாத எடை 1,000 கிலோ என்று வையுங்கள். அதில் 350 கிலோ, படகு சரியாமல் அடியில் வைக்கும் அடிப்பாரமாக இருக்கட்டும். பாயின் சதுர மீட்டரை, படகு விலக்கும் நீரின் கன மீட்டரின் 2/3 அடுக்கால் வகுத்தால் வருவதுதான் பாய் விகிதம். நன்னீரில் 1,000 கிலோ என்பது சரியாக 1 கன மீட்டர் என்பதால், உங்களுக்குப் பாயின் பரப்பே விகிதமாகிவிடும். ரொட் ஜோன்ஸ்டன் வரைந்த ஜே/24 என்ற பந்தயப் பாய்ப்படகுக்கு இது ஏறக்குறைய 20. ஆனால் காசல்ரீ 1,000 மீட்டருக்கு மேலே இருக்கிறது; கரையோரத்தைவிடக் காற்றின் அடர்த்தி பத்து வீதமளவு குறைவு. ஆகவே 22 சதுர மீட்டர் போடுங்கள். தென்மேல் பருவக்காற்று வீசும்போது பாயைக் குறைத்துக்கட்ட கயிறு கோக்கும் இரண்டு வரிசைக் கண்களும் (துளைகளும்) வேண்டும்.

கீலை, அதாவது படகின் அடியில் நீருக்குள் நீளும் தகட்டை, தூக்கி இறக்கும் வகையாகச் செய்யுங்கள். இறக்கினால் ஆழம் 1.5 மீட்டர், தூக்கினால் 40 சென்ரிமீட்டர். வரட்சியில் நீர்மட்டம் எவ்வளவு இறங்கும் என்று உங்களுக்கே தெரியும்; பக்கத்து மவுசாகலை நீர்த்தேக்கத்தில் மூழ்கிய பழைய மஸ்கெலியாக் கோவில் கட்டடங்களே வெளியே வந்துவிடுகின்றன. நிலையான கீல் அந்த மாதிரிக் கல்லில் இடித்தால் அடித்தட்டே கிழியும்.

இனி எடை. படகின் வெளிப்பரப்பு சுமார் 20 சதுர மீட்டர் வரும். ஒரு சதுர மீட்டருக்கு ஜெல்கோட் (வெளிப்புற நிறப்பூச்சு) 600 கிராம், 300 கிராம் மெட் (சிறு கண்ணாடி இழைகளின் விரிப்பு) ஒன்று, 600 கிராம் பையெக்ஸியல் துணி (இரு திசையில் இழை ஓடும் கண்ணாடித் துணி) வெளியே ஒன்று உள்ளே ஒன்று, நடுவில் 12 மி.மீ. பிவிசி ஃபோம். இழைகளை நனைத்து இறுகும் ரெசினும் ஒட்டுப்பசையும் சேர்த்தால் 6 கிலோவுக்குள் நிற்கும். மெட்டுக்கு அதன் எடையைப் போல இரண்டேகால் மடங்கு ரெசின் தேவை. பையெக்ஸியலுக்குச் சம எடை போதும். "நல்லா நனையட்டும்" என்று துணிக்கு ஒன்றரை மடங்கு ஊற்றினால், அந்த இரண்டு அடுக்கில் மட்டும் 12 கிலோ வீணாக ஏறும். பலமும் கூடாது. ரெசினை நிறுத்து, வாளிவாளியாகக் கலக்குங்கள், கண்மதிப்புக்கு விடாதீர்கள்.

பொலியெஸ்டர் ரெசின் 15 பாகைக்குக் கீழே ஒழுங்காக இறுகாது. ரெசினை இறுகவைக்கும் ஹார்டனரை 1 முதல் 2 வீதத்துக்குள் வையுங்கள். குளிருக்கென்று 3 வீதம் போடுவது பட்டறைகளில் சகஜம்தான். ஆனால் வேகமாகக் கெட்டியானது போலத் தெரியுமே தவிர, உள்ளே பலம் குறைந்துவிடும். அதற்குப் பதில் ரெசினையே 20–25 பாகைக்குச் சூடாக்கிக்கொள்ளுங்கள். இறுகலை வேகப்படுத்தும் கோபால்ட்டையும் ஹார்டனரையும் நேரடியாக ஒன்றாகக் கலக்கவே கூடாது, வெடிக்கும். கோபால்ட்டை ரெசினில் முழுதாகக் கலக்கிய பிறகே ஹார்டனர்.

விடியற்காலையில், படகை வார்க்கும் அச்சுக் குளிர்ந்து கிடக்கும். அதன் மேல் பனிநீர் படியும். அதில் ஜெல்கோட் அடித்தால் பிறகு கொப்புளம் போடும். பத்து மணிக்குப் பிறகு தொடங்கி, மூட்டம் இறங்குவதற்குள் அடுக்கை முடியுங்கள். ஜெல்கோட் அரை மி.மீ. இருக்கட்டும்; மெலிந்த இடத்தில் மேலே ரெசின் பட்டதும் சுருங்கி முதலைத்தோல் போலாகும். மெட் சுருளைச் சீமெந்துத் தரையில் போடாமல், 60 வொட் பல்ப் எரியும் அலுமாரியில் வையுங்கள். பட்டறையைச் சூடாக்க மண்ணெண்ணெய் அடுப்போ விறகோ வேண்டாம்: எரியும்போது ஈரத்தை விடும், ரெசினிலிருந்து எழும் ஸ்டைரீன் ஆவியும் தீப்பற்றும். அச்சை விட்டு எடுக்கும் முன் கூடாரம் போட்டு, வெளியிலிருந்து குழாய்வழி சூடான காற்று விட்டு 40 பாகையில் 16 மணிநேரம் வையுங்கள். இதைத் தவிர்த்தால் பக்கச்சுவர் பின்னால் வளையும். அசிட்டோன் துணியால் உட்புறத்தைத் துடைத்துப் பாருங்கள். பிசுபிசுத்தால் இன்னும் இறுகவில்லை.

கீல் பெட்டியைச் சுற்றியும் பாய்மரக் கம்பிகள் பிடிக்கும் இடங்களிலும் ஃபோம் வேண்டாம், திண்ணமான ஃபைபரே போடுங்கள். மேல்தட்டில் மற்ற ஒவ்வொரு போல்ட்டுக்கும் துளையைப் பெரிதாகப் போட்டு, உள்ளே ஃபோமைச் சுரண்டி, கெட்டி எபொக்ஸி நிரப்பி, அது இறுகியதும் சரியான அளவில் மறுபடி துளையுங்கள். அலட்சியம் செய்தால் தண்ணீர் நடுவில் ஊறி, ஃபோமின் இரு பக்கத்து ஃபைபர் தோலும் பிரியும்.

பாய்மரம் 9 மீட்டர் வரும். அதை அலுமினியத்தில் உள்குழாய் வைத்து இரண்டு துண்டாகச் செய்யுங்கள். கினிகத்தேனை வளைவுகளில் லொறிக்குப் பின்னால் நீட்டிக்கொண்டு கொண்டுவர முடியாது. மின் உற்பத்திக்கான நீர்த்தேக்கம் என்பதால், அச்சுக்குப் பலகை வாங்கும் முன்பே அனுமதியைக் கேட்டுவிடுங்கள்.